கீழ்ப்படிதல் (கிறித்தவம்)

கீழ்ப்படிதல் என்பது கடவுளின் திருவுளத்தை அறிந்து, அதைத் தன் விருப்பத்துக்கு மேலாக வைத்து நடப்பதைக் குறிக்கும். எல்லாக் கிறித்தவர்க்கும் பொதுவான நற்பண்பாகவும், ஏழ்மை, கற்பு ஆகியவற்றோடு சேர்த்துக் கத்தோலிக்கத் துறவியர் எடுக்கும் மூன்று வார்த்தைப்பாடுகளில் ஒன்றாகவும் இது பேசப்படுகிறது. கடவுளுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்பதில் எந்தச் சபைக்கும் மாறுபாடு இல்லை. கடவுள் சொல்வதை யார் வாயால் கேட்பது, அந்த மனிதருக்கு எவ்வளவு தூரம் இடம் கொடுப்பது என்பதில்தான் வாதமெல்லாம்.

விவிலிய அடிப்படை

பழைய ஏற்பாட்டில் ஆபிரகாம் தம் மகனைப் பலியிடத் துணிந்ததும் (தொடக்கநூல் 22), சவுல் அரசர் தவறியதும் (1 சாமுவேல் 15) எடுத்துக்காட்டுகளாக நிற்கின்றன. அமலேக்கியரை வென்ற சவுல், முற்றாக அழிக்கச் சொல்லப்பட்ட மந்தையில் நல்லவற்றைப் பலியிடுவதற்கென்று தப்ப விட்டதாகக் கூறினார். சாமுவேல் அந்தச் சமாதானத்தை ஏற்கவில்லை. சவுலின் அரசுரிமை போயிற்று. புதிய ஏற்பாட்டில் ஆதாமின் கீழ்ப்படியாமைக்கு எதிரே இயேசுவின் கீழ்ப்படிதலைப் பவுல் நிறுத்துகிறார் (உரோமையர் 5). சிலுவைச் சாவுவரை சென்ற இயேசுவின் கீழ்ப்படிதலே கிறித்தவர்க்கு அளவுகோல். ஆளும் அதிகாரத்துக்குப் பணியச் சொல்லும் உரோமையர் 13-ஆம் அதிகாரமும், தலைமைச் சங்கத்தின் தடையை மீறிய பேதுருவைக் காட்டும் திருத்தூதர் பணிகள் 5-ஆம் அதிகாரமும் பிற்காலத்தில் எதிரெதிர்த் தரப்பினர் கையில் எடுத்த பகுதிகள்.

பாலைநிலத் துறவிகள்

கீழ்ப்படிதலை ஒரு பயிற்சியாகவே ஆக்கியவர்கள் 4-ஆம் நூற்றாண்டு எகிப்தியத் துறவிகள். குள்ள யோவான் என்னும் சீடரைப் பற்றிய கதை புகழ்பெற்றது. மூத்த துறவி ஒருவர் காய்ந்த குச்சியை மணலில் நட்டு, அது காய்க்கும்வரை நாள்தோறும் தண்ணீர் ஊற்றச் சொன்னார். தண்ணீர் இருந்த இடம் வெகுதூரம். மாலையில் புறப்பட்டால் மறுநாள் காலையில்தான் திரும்ப முடியும். மூன்று ஆண்டு கழித்துக் குச்சி துளிர்த்துக் காய்த்தது. மூத்தவர் அந்தக் கனியைக் கோயிலுக்குக் கொண்டுபோய், கீழ்ப்படிதலின் கனி இது என்று எல்லாருக்கும் கொடுத்தாராம்.

இதே கதையைத் துறவற எழுத்தாளரான யோவான் காசியன் (சுமார் 360–435) லைக்கோபோலிஸ் யோவான் பெயரில் சொல்கிறார். இங்கே சீடர் ஏறத்தாழ இரண்டு மைல் தொலைவிலிருந்து நாளுக்கு இருமுறை தண்ணீர் சுமக்கிறார். ஓராண்டு முடிந்ததும் மூத்தவர் வருகிறார். வேர் பிடித்ததா என்று கேட்கிறார். சீடர் தெரியாது என்கிறார். உடனே மூத்தவர் குச்சியைப் பிடுங்கி எறிந்துவிடுகிறார். கனியும் இல்லை, அற்புதமும் இல்லை. பயிற்சி எப்படிப்பட்டது என்பதை நேர்மையாகச் சொல்வது இந்த வடிவமே. எகிப்திய மடங்களில் படியெழுதும் துறவி, கதவு தட்டப்பட்டால் தொடங்கிய எழுத்தைக்கூட முடிக்காமல் எழுந்துவிடுவார் என்றும் காசியன் குறிக்கிறார்.

துறவியர் கூடி வாழும் மடங்களுக்கு முதலில் ஒழுங்கு வகுத்தவர் பக்கோமியுஸ் (இறப்பு சுமார் 348). முன்பு படையில் சேர்க்கப்பட்டிருந்தவர் இவர். படையில் கட்டளைக்குப் பணியும் பழக்கம் மடத்துக்குள் வந்ததில் வியப்பில்லை. அவருடைய ஒழுங்கை எரோணிமுஸ் 404-இல் இலத்தீனில் பெயர்த்தார்.

பெனடிக்டின் ஒழுங்கு

6-ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் பெனடிக்ட் எழுதிய 73 அதிகாரங்கள் கொண்ட ஒழுங்கு, மேற்குலகத் துறவறத்தின் அடித்தளம். அதன் 5-ஆம் அதிகாரம் கையிலுள்ள வேலையை அரைகுறையாக விட்டுவிட்டுக் கீழ்ப்படியச் சொல்கிறது. முணுமுணுத்துக்கொண்டே செய்வதற்குப் பலன் இல்லை என்கிறது. ஆனால் பெனடிக்ட் காசியனைவிட மனிதரை அறிந்தவர். முக்கியமான செய்தி என்றால் மடத்தலைவர் எல்லாரையும் கூட்டிக் கருத்துக் கேட்க வேண்டும். சிறந்த வழியைக் கடவுள் பலமுறை இளையவருக்கே காட்டுகிறார் என்று 3-ஆம் அதிகாரம் காரணம் சொல்கிறது. தாங்க முடியாத வேலையைச் சுமத்தினால், தக்க நேரம் பார்த்துத் தலைவரிடம் பணிவாக எடுத்துச் சொல்லலாம் (அதிகாரம் 68). அதற்கும் அவர் அசையாவிட்டால் கடவுளை நம்பிச் செய்துவிட வேண்டியதுதான். 71-ஆம் அதிகாரம் உடன்பிறப்புகளும் ஒருவருக்கொருவர் கீழ்ப்படியச் சொல்கிறது; இதைப் பலர் கவனிப்பதில்லை.

பின்னர் வகுத்த எல்லைகள்

12-ஆம் நூற்றாண்டில் கிளேர்வோ பெர்னார்டு, துறவி வாக்களித்த ஒழுங்குக்கு அப்பால் எதையும் தலைவர் கட்டளையிட முடியாது என்றார். தாமஸ் அக்குவினாஸ் கீழ்ப்படிதலை நீதியைச் சார்ந்த நற்பண்பாக வகைப்படுத்தி, முறையற்றவற்றிலும் பணிவதை விவேகமற்ற கீழ்ப்படிதல் என்று தனியே பிரித்தார். இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் 1553-இல் போர்த்துகலுக்கு எழுதிய மடலில் செயல், மனம், அறிவு என மூன்று படிகள் கூறினார். பாவமானது எதிலும் பணியலாகாது என்பது அவருக்கும் எல்லை.

சீர்திருத்த காலம்

மார்ட்டின் லூத்தர் துறவற வார்த்தைப்பாடுகளை எதிர்த்து 1521-இல் நூல் எழுதி, அதைத் தம் தந்தைக்குக் காணிக்கையாக்கினார். தந்தை சொல்லை மீறித்தான் அவர் மடத்தில் சேர்ந்திருந்தார்! லூத்தரன் சபைக்குள்ளேயே, கடவுளுக்குக் கீழ்ப்படிந்து செய்யும் நற்செயல் மீட்புக்குத் தேவை என்று கேயார்க் மாயோரும், அது மீட்புக்குக் கேடு என்று ஆம்ஸ்டோர்ஃபும் மோதினர். அச்சபையின் 1577-ஆம் ஆண்டு நம்பிக்கை அறிக்கையான இணக்க வாய்பாடு இருவரையும் மறுத்து, கீழ்ப்படிதல் நம்பிக்கையிலிருந்து தானே விளைவது, மீட்புக்குக் கொடுக்கும் விலை அல்ல என்று தெளிவாக்கியது.

20-ஆம் நூற்றாண்டு

யாருக்கு, எதுவரை கீழ்ப்படிவது என்ற கேள்வியை நாசி ஆட்சி ஏட்டிலிருந்து வெளியே இழுத்தது. ஜெர்மானிய இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோஃபர் 1937-இல் வெளியிட்ட நூலில், கீழ்ப்படிதல் கேட்காத மலிவான அருளைச் சாடினார். 1945 ஏப்ரல் 9 அன்று நாசிகளால் தூக்கிலிடப்பட்டார். ஆஸ்திரிய உழவர் ஃப்ரான்ஸ் யேகர்ஷ்டேட்டர், மூன்று பெண்பிள்ளைகளின் தந்தை, ஊர்க்கோயில் பணியாளர். ஹிட்லரின் படையில் சண்டையிட மறுத்தார். குடும்பத்தைப் பார்க்கும்படி குருக்களும் ஆயரும் சொன்ன அறிவுரையை அவர் ஏற்கவில்லை. 1943 ஆகஸ்ட் 9 அன்று தலை வெட்டப்பட்டது. 2007-இல் அதே திருச்சபை அவரை அருளாளராக அறிவித்தது.

இன்றைய நிலை

துறவறம் பற்றிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் 1965-ஆம் ஆண்டு ஆணை, சபைத் தலைவர்கள் உறுப்பினரின் கருத்துக்குச் செவிசாய்க்க வேண்டும் என்கிறது. ஆத்தோஸ் மலையின் ஆர்த்தடாக்ஸ் மடங்களில் மூத்த துறவியின் சொல்லுக்குப் பணியும் பழைய முறை தொடர்கிறது.