சிங்கிள் சேனல், டூயல் சேனல் நினைவகம்: கேமிங் கணினி மேம்பாடு

டூயல் சேனல் நினைவகம் என்பது, கணினியின் செயலி தன் ராமோடு இரண்டு தனித்தனித் தரவுப் பாதைகள் வழியாக ஒரே நேரத்தில் தொடர்புகொள்ளும் அமைப்பு. ஒரு பாதை மட்டும் பயன்பட்டால் அது சிங்கிள் சேனல். இது ராம் ஸ்டிக்கின் இயல்பு அன்று. செயலியில் உள்ள நினைவகக் கட்டுப்படுத்தி, மதர்போர்டின் இணைப்புகள், ஸ்டிக்குகள் செருகப்பட்டிருக்கும் ஸ்லாட்டுகள் ஆகிய மூன்றும் சேர்ந்தே இதை முடிவு செய்கின்றன. 'டூயல் சேனல் கிட்' என்று விற்கப்படுவதும் ஒன்றாகச் சோதிக்கப்பட்ட இரண்டு வழக்கமான ஸ்டிக்குகளே.

ஒரே 16 ஜிபி ஸ்டிக் செருகிய கணினியும், இரண்டு 8 ஜிபி ஸ்டிக் செருகிய கணினியும் விண்டோஸில் 16 ஜிபி என்றே காட்டும். ஆனால் முதல் கணினியின் நினைவகம் இரண்டாவதன் பாதி வேகத்தில்தான் தரவை வழங்க முடியும். கொள்ளளவை மட்டும் பார்த்து ராம் வாங்குவோர் பெரும்பாலும் தவறவிடுவது இந்த வேறுபாட்டையே.

செயல்படும் விதம்

டிடிஆர்4 வரையிலான ராம் ஸ்டிக் ஒவ்வொன்றும் 64 பிட், அதாவது 8 பைட் அகலமுள்ள பாதையில் தரவைத் தருகிறது. டிடிஆர்4-3200 என்ற பெயரில் உள்ள 3200, நொடிக்கு 320 கோடி பரிமாற்றங்களைக் குறிக்கும். ஒவ்வொரு பரிமாற்றத்திலும் 8 பைட் நகர்வதால் ஒரு சேனலின் உச்ச வேகம் நொடிக்கு 25.6 ஜிபி. இரண்டு சேனல்கள் இயங்கினால் 51.2 ஜிபி. இதே கணக்குப்படி மற்ற வகைகளின் உச்ச வேகம் பின்வருமாறு:

டிடிஆர்3-1600: சிங்கிள் 12.8 ஜிபி, டூயல் 25.6 ஜிபி
டிடிஆர்4-2400: சிங்கிள் 19.2 ஜிபி, டூயல் 38.4 ஜிபி
டிடிஆர்4-3200: சிங்கிள் 25.6 ஜிபி, டூயல் 51.2 ஜிபி
டிடிஆர்5-5600: சிங்கிள் 44.8 ஜிபி, டூயல் 89.6 ஜிபி
டிடிஆர்5-6000: சிங்கிள் 48 ஜிபி, டூயல் 96 ஜிபி

செயலி நினைவகத்திலிருந்து தரவை 64 பைட் கொண்ட துண்டுகளாக எடுத்துத் தன் கேஷில் வைத்துக்கொள்கிறது. டூயல் சேனல் அமைப்பில் கட்டுப்படுத்தி இந்தத் துண்டுகளை இரண்டு சேனல்களிலும் பிரித்துப் பரப்பி வைக்கும். அதனால் அடுத்தடுத்த கோரிக்கைகள் ஒரே ஸ்டிக்கின் வாசலில் வரிசையாகக் காத்திருப்பதில்லை.

டூயல் சேனல் தாமதத்தைப் பாதியாக்கும் என்று எண்ணுவது தவறு. 3200 வேகத்தில் சிஏஎஸ் எனப்படும் தாமத அளவு 16 உள்ள ஸ்டிக், கேட்ட தரவை எடுத்துத் தரத் தொடங்க 10 நானோநொடி எடுக்கும். சேனல் ஒன்றானாலும் இரண்டானாலும் அந்த 10 நானோநொடி மாறாது. பல கோரிக்கைகள் ஒன்றாகக் குவியும்போது ஏற்படும் காத்திருப்பே குறைகிறது. உச்ச வேகம் இரட்டித்தாலும் விளையாட்டின் வேகம் இரட்டிக்காததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

வரலாறு

நினைவகத்தைப் பல பகுதிகளாகப் பிரித்து மாறி மாறி அணுகும் உத்தி பழையது. 1961இல் வந்த ஐபிஎம் 7030, 1964இல் வந்த சிடிசி 6600 ஆகிய பெருங்கணினிகளிலேயே அது இருந்தது. மேசைக் கணினிக்கு அது வந்தது, செயலிகளின் வேகத்துக்கு ராம் ஈடுகொடுக்க முடியாமல் போன காலத்தில். 2000 நவம்பரில் பென்டியம் 4 உடன் வெளியான இன்டெல் 850 சிப்செட், ஆர்டிராம் ஸ்டிக்குகளை இரண்டு சேனல்களில் இயக்கி நொடிக்கு 3.2 ஜிபி தந்தது. ஆர்டிராமின் விலை அதிகமாக இருந்ததால் அந்த வழி நிலைக்கவில்லை.

2001இல் என்விடியா, ஏஎம்டி செயலிகளுக்கான என்ஃபோர்ஸ் சிப்செட்டில் சாதாரண டிடிஆர் ராமை இரண்டு சேனல்களில் பயன்படுத்தியது. அந்தச் சிப்செட்டுக்குள்ளேயே கிராபிக்ஸும் இருந்தது. கூடுதல் வேகம் அதற்கும் தேவைப்பட்டது. 2003இல் இன்டெலின் 865, 875பி சிப்செட்டுகள் வந்த பின் டூயல் சேனல் டிடிஆர் பரவலாயிற்று.

அதே 2003இல் ஏஎம்டி, அத்லான் 64 செயலியில் நினைவகக் கட்டுப்படுத்தியை மதர்போர்டின் சிப்செட்டிலிருந்து செயலிக்குள் கொண்டுவந்தது. அதன் 754 முனை சாக்கெட்டுக்கு ஒரே சேனல்தான். இரண்டு சேனல் கொண்ட 939 முனை சாக்கெட் 2004இல் வந்தது. இன்டெல் 2008இல் முதல் கோர் ஐ7 செயலிகளில் தானும் கட்டுப்படுத்தியைச் செயலிக்குள் கொண்டுவந்து, 1366 முனை சாக்கெட்டில் மூன்று சேனல்களைத் தந்தது. மறு ஆண்டே பொதுப் பயன்பாட்டுக்கான 1156 முனை சாக்கெட்டில் இரண்டுக்குத் திரும்பியது. சேனல் கூடக் கூட முனைகளும், மதர்போர்டின் தடங்களும், செலவும் கூடுகின்றன என்பதை இந்த எண்களே காட்டுகின்றன. ஏஎம்டியின் திரெட்ரிப்பர் போன்ற உயர்நிலை வகைகளில் நான்கு சேனல்கள் உண்டு. ஏஎம்4, ஏஎம்5, எல்ஜிஏ 1700 எனக் கேமிங்குக்குப் பெரிதும் வாங்கப்படும் சாக்கெட்டுகள் எல்லாம் இரண்டு சேனல் கொண்டவை.

விளையாட்டுகளில் விளைவு

விளைவின் அளவு, கணினியில் கிராபிக்ஸ் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது.

தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினிகளில் வேறுபாடு மிகப் பெரியது. ரைசன் 5 5600ஜி போன்ற செயலியின் உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸுக்கு என்று சொந்த நினைவகம் கிடையாது. அது கணினியின் ராமையே செயலியோடு பங்கிட்டுக்கொள்கிறது. என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1650 கார்டின் முதல் பதிப்பு தன் சொந்த நினைவகத்திலிருந்து நொடிக்கு 128 ஜிபி பெற்றது. ஆர்டிஎக்ஸ் 3060இன் 12 ஜிபி பதிப்பு 360 ஜிபி பெறுகிறது. சிங்கிள் சேனல் டிடிஆர்4-3200இல் இயங்கும் உள் கிராபிக்ஸுக்குக் கிடைப்பதோ 25.6 ஜிபி, அதிலும் செயலிக்குப் பங்கு உண்டு. இப்படிப்பட்ட கணினியில் இரண்டாவது ஸ்டிக்கைச் சேர்த்தால் பிரேம் வீதம் கண்ணுக்குத் தெரியும் அளவில் உயரும்.

நினைவக வேகம் கிராபிக்ஸை எவ்வளவு கட்டுப்படுத்தும் என்பதற்கு ஜிடி 1030 நல்ல சான்று. 2017இல் ஜிடிடிஆர்5 நினைவகத்தோடு நொடிக்கு 48 ஜிபி வேகத்தில் வந்த இந்தக் கார்டு, 2018இல் அதே பெயரில் டிடிஆர்4 நினைவகத்தோடு 16.8 ஜிபி வேகத்திலும் விற்கப்பட்டது. விளையாட்டுகளில் பின்னது வெகுவாகப் பின்தங்கியது.

லேப்டாப்புகளிலும் இதே நிலைதான். இன்டெலின் 11ஆம் தலைமுறைச் செயலிகளில் உள்ள ஐரிஸ் எக்ஸ்இ கிராபிக்ஸ், இரண்டு சேனலிலும் நினைவகம் இருந்தால் மட்டுமே அந்தப் பெயரில் தோன்றும். ஒரே ஸ்டிக் இருந்தால் அதே கணினி தன்னை யூஎச்டி கிராபிக்ஸ் என்று காட்டிக்கொள்ளும்.

தனி கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினியில் விளைவு இடத்துக்கு இடம் மாறும். படங்களும் பரப்புகளும் கார்டின் சொந்த நினைவகத்தில் இருப்பதால், 4கே திரையில் உச்சத் தரத்தில் ஆடும்போது கார்டுதான் எல்லை வகுக்கும். அங்கே இரண்டாவது சேனலின் பலன் சிறிது. 1080பி திரையில், உயர் பிரேம் வீதத்தை நாடி ஆடும் போட்டி விளையாட்டுகளிலும், பெரும் திறந்தவெளி உலகங்களைக் கொண்ட விளையாட்டுகளிலும் சுமை செயலி மீது விழுகிறது. அங்கே சிங்கிள் சேனல் சராசரி பிரேம் வீதத்தைக் குறைப்பதோடு, திடீர்த் திக்கல்களையும் கூட்டுகிறது. சராசரி எண் நன்றாக இருந்தும் ஆட்டம் தடுமாறும் கணினிகளில் இதையும் சோதிக்க வேண்டும். 2022இல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி போல 96 எம்பி எல்3 கேஷ் உள்ள செயலிகள் ராமைக் குறைவாகவே நாடுவதால், அவற்றில் பாதிப்பு மட்டுப்படும்.

கொள்ளளவா, சேனலா

ஒரே 16 ஜிபி ஸ்டிக், இரண்டு 4 ஜிபி ஸ்டிக் என்ற தேர்வு வந்தால் 16 ஜிபியே சரி. ராம் போதாதபோது கணினி மிச்சத்தை எஸ்எஸ்டியில் வைக்கும். சாட்டா எஸ்எஸ்டியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ அரை ஜிபி. சிங்கிள் சேனல் டிடிஆர்4-3200 அதைவிட ஏறக்குறைய 50 மடங்கு வேகமானது. ஆகவே முதலில் கொள்ளளவு போதுமானதாக இருக்க வேண்டும். அது போதுமான அளவில் இருந்தால், அதே கொள்ளளவை இரண்டு ஸ்டிக்குகளாக வாங்குவதே சிறந்தது.

பொருத்தும் இடம்

நான்கு ஸ்லாட் கொண்ட மதர்போர்டில் ஒவ்வொரு சேனலுக்கும் இரண்டு ஸ்லாட்டுகள் உண்டு. செயலியிலிருந்து எண்ணினால் அவை பொதுவாக ஏ1, ஏ2, பி1, பி2 என்ற வரிசையில் அமையும். இரண்டு ஸ்டிக்குகளை அடுத்தடுத்து முதல் இரண்டில் செருகினால் இரண்டும் ஏ சேனலிலேயே விழுந்து, கணினி சிங்கிள் சேனலில் இயங்கும். பெரும்பாலான போர்டுகளில் சரியான இடம் இரண்டாவதும் நான்காவதும் ஆன ஏ2, பி2. சேனலின் கடைசி ஸ்லாட்டில் ஸ்டிக் இருந்தால், அதற்கு அப்பால் வெற்றுத் தடம் நீளாது. மின்குறிகை எதிரொலித்துக் குலைவதும் குறையும். போர்டுக்குப் போர்டு பெயரிடல் மாறுவதால் கையேட்டைப் பார்ப்பது அவசியம்.

நான்கு ஸ்லாட்டுகளையும் நிரப்பினால் நான்கு சேனல் கிடைக்காது. சேனல் இரண்டேதான், ஒவ்வொன்றிலும் சுமை கூடுகிறது. ரைசன் 7000 செயலிகளுக்கு ஏஎம்டி இரண்டு ஸ்டிக்குகளுடன் 5200 வேகத்தை உறுதி தருகிறது. நான்கு செருகினால் அது 3600 ஆகக் குறைகிறது. டிடிஆர்5 கணினியில் 32 ஜிபி வேண்டுவோர் நான்கு 8 ஜிபியைத் தவிர்த்து இரண்டு 16 ஜிபி வாங்குவது நல்லது.

கலப்பு ஸ்டிக்குகள்

ஏற்கெனவே உள்ள 8 ஜிபியோடு 16 ஜிபி சேர்த்தால் கணினி பெரும்பாலும் இயங்கும். இன்டெல் ஃப்ளெக்ஸ் மெமரி என்று அழைக்கும் முறையில், இரண்டு பக்கமும் சமமாக உள்ள 8 ஜிபிகள் சேர்ந்து 16 ஜிபி டூயல் சேனலாகவும், மீதமுள்ள 8 ஜிபி சிங்கிள் சேனலாகவும் செயல்படும். வேகம் வேறுபட்டால் எல்லா ஸ்டிக்குகளும் மெதுவான ஸ்டிக்கின் வேகத்துக்கு இறங்கும். ஒரே மாடல் எண் உள்ள ஸ்டிக்குகளிலும் உள்ளிருக்கும் சிப்புகள் காலப்போக்கில் மாறுவது உண்டு. கலந்து செருகியபின் மெம்டெஸ்ட்86 கொண்டு சோதித்துக்கொள்வது பாதுகாப்பு.

டிடிஆர்5

2020 ஜூலையில் வெளியான டிடிஆர்5 தரத்தில் ஒவ்வொரு ஸ்டிக்கும் 32 பிட் கொண்ட இரண்டு துணைச் சேனல்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. இதனால் ஒரே டிடிஆர்5 ஸ்டிக்கே டூயல் சேனல் என்ற கருத்து பரவியுள்ளது, அது சரியன்று. இரண்டு 32 பிட் சேர்ந்தால் பழைய 64 பிட்தான். துணைச் சேனல்கள் கோரிக்கைகளைத் திறமையாகக் கையாள உதவுகின்றன. மொத்த அகலத்தைக் கூட்டுவதில்லை. முழு 128 பிட் அகலம் பெற இங்கும் இரண்டு ஸ்டிக்குகள் வேண்டும்.

சரிபார்த்தல்

சிபியு-இசட் என்னும் இலவச மென்பொருளின் மெமரி பக்கத்தில் சேனல் விவரம் இருக்கும். டிடிஆர்4 கணினியில் டூயல் என்றும், டிடிஆர்5 கணினியில் அண்மைப் பதிப்புகளில் 4 x 32 பிட் என்றும் காட்டினால் இரண்டு சேனலும் இயங்குகின்றன. பின்னதில் 2 x 32 பிட் என்று வந்தால் ஒரு சேனல் காலி. விண்டோஸ் டாஸ்க் மேனேஜர் எத்தனை ஸ்லாட் நிரம்பியுள்ளன என்பதைச் சொல்லும். அதை மட்டும் வைத்துச் சேனலை முடிவு செய்ய முடியாது.

புதிய ஸ்டிக்குகள் முதலில் அடிப்படை வேகத்திலேயே இயங்கும். பெட்டியில் அச்சிட்ட வேகம் கிடைக்க பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ அமைப்பை இயக்க வேண்டும். டிடிஆர்5 கணினி முதல்முறை இயங்கும்போது நினைவகத்தைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் திரை கறுப்பாகவே இருக்கலாம். அதைப் பழுது என்று எண்ணி மின்சாரத்தை நிறுத்தக் கூடாது.

மதிப்பீடு

மேம்பாட்டில் முதலிடம் போதுமான கொள்ளளவுக்கு. அடுத்தது இரண்டு சேனலையும் நிரப்புவது. அதன் பிறகு எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை இயக்குவது. கூடுதல் விலை கொடுத்து அதிவேக ஸ்டிக் வாங்குவது கடைசி. ஒரே ஸ்டிக்கோடு ஓடும் கணினிக்குப் புதிய கிராபிக்ஸ் கார்டு தேடும் முன், அதே கொள்ளளவும் வேகமும் கொண்ட இன்னொரு ஸ்டிக்கைச் சரியான ஸ்லாட்டில் சேர்த்துப் பார்க்க வேண்டும். குறைந்த செலவில் பலன் தரும் மேம்பாடுகளில் அது முன்வரிசையில் நிற்பது. உள் கிராபிக்ஸை நம்பி ஆடுவோருக்கு அதற்கு இணையானது வேறில்லை.