தென்னங்கயிறு: கப்பற்சரக்கின் வரலாறு

தேங்காய் மட்டையை உப்பங்கழியில் ஊறவைத்து, அடித்து, நாரெடுத்துத் திரித்த கயிறு, கடல்நீரில் எளிதில் மக்காமலும் மிதக்கும் இயல்புடையதாயும் இருத்தலின், இந்து மகாசமுத்திரத்து மரக்கலங்களுக்குப் பூர்வகாலந்தொட்டே இன்றியமையாத பண்டமாயிற்று. 14-ஆம் நூற்றாண்டில் மாலத்தீவில் தங்கியிருந்த இபின் பதூதா, அத்தீவுக் கயிறு இந்தியா, சீனம், யேமன் ஆகிய தேசங்களுக்கு ஏற்றுமதியாவதையும், கப்பற்பலகைகளை அதனாலேயே தைப்பதையும் எழுதி வைத்திருக்கிறார். இலட்சத்தீவுகளில் இவ்வாணிகம் கண்ணூர் அலி ராஜாவின் ஏகபோகமாயிருந்தது. வடபால் உள்ள அமினித் தீவுகள் கிழக்கிந்தியக் கும்பினியார் வசமான பின்னர், ஓடங்களில் வந்த கயிற்றுக்கு ஈடாக மங்களூரில் அரிசி அளக்கப்பட்டது. விலையை நிர்ணயித்தவர் வாங்குபவரே ஆகையால், தீவினர் கண்ட ஆதாயத்தை ஊகித்துக்கொள்ளலாம்.

திருவிதாங்கூர்த் திவான் ராஜா கேசவதாசர் வளர்த்த ஆலப்புழைத் துறையில், 1859-ல் ஜேம்ஸ் டாரா என்பார் தொழிற்சாலை நிறுவியபின் இச்சரக்கு மேல்நாடுகளுக்குப் பெருவாரியாகச் செல்லலாயிற்று. அஞ்செங்கோ, வைக்கம், அஷ்டமுடி என ஊர்ப்பெயரால் தரம் பிரித்த கயிற்றைக் காயல் வழியே கொணர்ந்த கெட்டுவள்ளங்களும் கயிற்றால் தைக்கப்பட்டவையே.

கயிறு எடையில் இலேசு, இடத்திலோ பெருந்தீனிக்காரன். 40 கன அடியை ஒரு டன்னாகக் கொண்டு கப்பற்கூலி கணக்கிடும் வழக்கத்தில், தளர்ந்த கற்றைகளை அப்படியே ஏற்றுவோன் பாதிக்கூலியைக் காற்றுக்கே கொடுத்தவனாவான். ஆதலின் நீரழுத்த இயந்திரத்தில் இறுக்கிய சிப்பங்களே நீண்ட யாத்திரைக்கு ஏற்றவையாயின. ஈரத்தோடு இறுக்கிய சிப்பமோ உள்ளே புழுங்கிப் பூசணம் பிடிக்கும். கப்பலின் இரும்புச் சுவரில் வியர்க்கும் நீர் படாதிருக்க இடையே பலகையும் பாயும் இடுவர். நார்ச்சரக்கில் எண்ணெய் கசிந்தால் அது தானே சூடேறித் தீப்பற்றவுங்கூடுமாகையால், எண்ணெய்ப் பீப்பாய்களை அதன் அண்டையில் வைப்பதில்லை.

கிட்டங்கியிலும் தரைக்கும் சுவருக்கும் ஒட்டாமல், மரக்கட்டைகளின் மேல், காற்றோட்டமாகவே அடுக்குதல் முறை. தென்னங்கயிறன்றிக் கிட்டங்கியில் வைக்கும் மணிலாக் கயிறோ வழக்கமாக 120 பாகம், அதாவது 720 அடி கொண்ட சுருளாக வருவது. வலப்புரியாக முறுக்கியதாயின் உட்புற முனையைப் பற்றி, இடஞ்சுழியாகப் பிரியும்படி உருவவேண்டும். எதிர்ப்புறம் சுழன்றால் சுருளைப் புரட்டிப் போடுவர். அவசரத்தில் இதனை மறந்தவர், சுற்றுக்குச் சுற்று விழும் சிக்கை அவிழ்ப்பதிலேயே அரைநாள் கழிப்பர்.

1928-ல் கொச்சி உட்துறைமுகத்துள் முதல் நீராவிக்கப்பல் நுழைந்தபின், கடலில் நங்கூரமிட்ட கப்பலுக்குத் தோணியில் சரக்கேற்றி வந்த ஆலப்புழை படிப்படியாக மங்கிற்று. தொழிற்சாலைகள் அங்கேயே நிற்க, ஏற்றுமதி மட்டும் வடக்கே பெயர்ந்தது.