பொருந்தல் மணியின் துளை

1/ பழைய கல்மணி மாலையைப் பார்த்தால் எல்லாரும் நிறத்தைப் பார்ப்பாங்க. நான் டாக்டர், எனக்குக் கண் போறது அந்த மணியில் இருக்கும் துளை மேல. ஏன்னு சொல்றேன். நம்ம திண்டுக்கல் மாவட்டத்துக் கதைதான். கொஞ்சம் நீளமான த்ரெட்.

2/ பழனிக்குத் தென்மேற்கே மலையடிவாரத்தில் இருக்கு பொருந்தல். 2009, 2010-ல் புதுச்சேரிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. ராஜன் குழுவினர் அங்கே அகழாய்வு செய்தார்கள். ஓர் ஈமச்சின்னத்தில் ஜாடிக்குள் நெல் கிடைத்தது. கார்பன் சோதனையில் அதன் காலம் சுமார் கி.மு. 490.

3/ நெல்லும், பானைத் தாங்கியில் கீறியிருந்த தமிழி எழுத்தும் செய்தியானது. அவற்றோடு ஆயிரக்கணக்கில் மணிகளும் கிடைத்தன. பேச்சு அவற்றைப் பற்றி அதிகம் வரலை. அவற்றில் சிவப்பாக மின்னுவது சூதுபவளம்.

4/ பேர்தான் பவளம். கடலுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. அது குவார்ட்ஸ் வகைக் கல், அதாவது சிலிக்கா. உள்ளே இருக்கும் இரும்புதான் சிவப்பு தருது. சூடுபடுத்தினா நிறம் இன்னும் ஏறும். இரும்புக் கத்தியால் கீறினாலும் கோடு விழாது.

5/ அப்படிப்பட்ட கல்லைச் சுட்டு, சில்லு சில்லாகத் தட்டி, தேய்த்து உருட்டி, கடைசியில் நூல் கோக்கத் துளை போடணும். குஜராத்தின் கம்பாத்தில் இந்தத் தொழில் இன்னிக்கும் நடக்குது. அங்கே துளையிடும் கம்பியின் நுனியில் வைரத் துணுக்கு பதிச்சிருக்கும்.

6/ இப்போ என் பாடத்துக்கு வர்றேன். கல்லைத் தட்டும்போதும் தேய்க்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத சிலிக்கா தூசி பறக்கும். அது நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போகும். அதை விழுங்கும் செல்கள் செத்துப்போகும். அந்த இடம் தழும்பாகும். இதுதான் சிலிக்கோசிஸ். தழும்பை மாற்ற மருந்து இல்லை. காசநோய் வரும் வாய்ப்பும் கூடும்.

7/ கம்பாத் கல் தொழிலாளர்களிடம் இந்த நோய் இருப்பதை மருத்துவ ஆய்வுகள் பதிவு செய்திருக்கு. வீட்டிலேயே பட்டறை என்பதால், பக்கத்தில் இருப்பவர்களும் அதே தூசியைத்தான் சுவாசிக்கிறாங்க.

8/ பொருந்தல் மணிகளைச் செய்தவங்களுக்கும் இப்படி ஆச்சா? ஈமக்குழியில் மணி மிஞ்சும், நுரையீரல் மிஞ்சாது. ஆனா சிலிக்கா எந்த நூற்றாண்டிலும் சிலிக்காதான்.

9/ இது பழங்கதை இல்லை. சமையலறை மேடைக்குப் போடும் செயற்கை குவார்ட்ஸ் கல்லிலும் இதே சிலிக்காதான், அதுவும் மிக அதிகமா. அதை வெட்டும் தொழிலாளர்கள் இளம் வயதிலேயே நோயாளி ஆனதால், ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்தக் கல்லையே தடை செய்தது.

10/ உங்க வீட்டில் கிரானைட், டைல்ஸ் வெட்ட ஆள் வந்தா, தண்ணி ஊத்தி வெட்டச் சொல்லுங்க. நல்ல மாஸ்க் கொடுங்க. முகத்தில் கட்டும் துண்டு போதாது. கல் வேலை செய்றவங்களுக்கு இருமலோ மூச்சிரைப்போ நீடிச்சா, டாக்டர்கிட்ட முதல்ல தொழிலைச் சொல்லச் சொல்லுங்க.

11/ அடுத்த முறை மியூசியத்தில் சூதுபவள மாலையைப் பார்த்தா, நிறத்தை ரசிங்க. அப்படியே அந்தத் துளையையும் ஒரு நிமிஷம் பாருங்க. அங்கே இருந்த கல்லைத் தூளாக்கி வெளியே எடுத்தது ஒரு மனுஷன். அந்தத் தூளில் கொஞ்சம் அவர் மூச்சிலும் போயிருக்கும்.