1906: ஒரு தந்தியும் ஒரு சட்டமும்

ஐக்கிய அமெரிக்காவின் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் 1906ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் திகதி மணிலாவுக்கு ஒரு வாழ்த்துத் தந்தி அனுப்பினார். அதே ஆண்டு ஜூன் 30ஆம் திகதி இறைச்சிப் பரிசோதனைச் சட்டத்திலும், தூய உணவு மற்றும் மருந்துச் சட்டத்திலும் ஒப்பமிட்டார். அமெரிக்க சமூக சீர்திருத்தத்தைப் பற்றி எழுதும் எவரும் அச்சட்டங்களைக் குறிப்பிடத் தவறுவதில்லை. தந்தியைக் குறிப்பிடுவோர் மிகச் சிலரே.

வரலாற்றைப் படிப்பிக்கும் எம்போன்றோர் வசதிக்காக ஒரு வேலை செய்கிறோம். கைத்தொழில் வளர்ச்சி ஓர் அலகு, சமூக சீர்திருத்தம் இன்னோர் அலகு, கடல் கடந்த விரிவாக்கம் வேறோர் அலகு என்று பிரித்துவிடுகிறோம். பரீட்சைக்கு அது உதவும். ஆனால் அந்த மூன்று அலகுகளிலும் நடமாடியவர்கள் ஒரே மனிதர்கள். அந்தத் தந்தியையும் சட்டத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இது விளங்கும்.

உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தபின் அமெரிக்கா கண்ட கைத்தொழில் வளர்ச்சி பிரமிக்கத்தக்கது. 1869இல் இரு சமுத்திரக் கரைகளையும் புகையிரதப் பாதை இணைத்தது. நூற்றாண்டு முடியுமுன் உருக்கு உற்பத்தியில் அந்நாடு பிரித்தானியாவை முந்திவிட்டது. அதற்குக் கொடுத்த விலையும் சிறிதல்ல. 1892இல் அன்ட்ரூ கார்னெகியின் ஹோம்ஸ்டெட் உருக்காலையில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள், கூலிக்கு அமர்த்தப்பட்ட ஆயுதக் காவலர்களுடன் மோதிச் செத்தனர். அடுத்த ஆண்டே பெரும் பொருளாதார மந்தம் வந்தது. உள்நாட்டில் விற்று முடிக்க முடியாத பொருட்களுக்கு வெளியே சந்தை வேண்டும், சீனா அதற்கு ஏற்றது என்ற குரல் ஓங்கியது. சீனாவின் வாசலில் இருந்தது பிலிப்பைன்ஸ். 1898இல் ஸ்பெயினுடன் போர் மூண்டு அது சில மாதங்களில் முடிந்தபோது, 2 கோடி டொலர் கொடுத்து அத்தீவுகளை அமெரிக்கா பெற்றுக்கொண்டது. தீவுகளில் வாழ்ந்தவர்களிடம் எவரும் கேட்கவில்லை.

அந்தப் போரில் அமெரிக்கப் படையினருக்கு வழங்கப்பட்ட தகர டின் இறைச்சி கெட்டுப்போயிருந்தது பெரிய அபகீர்த்தியாயிற்று. கியூபாவில் போரிட்ட ரூஸ்வெல்ட்டே 1899இல் அதைப் பற்றிச் சாட்சியமளித்தார். ஆகவே 1906 பெப்ரவரியில் அப்டன் சின்கிளேயரின் ‘தி ஜங்கிள்’ நாவல் நூலாக வந்து சிக்காகோ இறைச்சித் தொழிற்சாலைகளின் அழுக்கை அம்பலப்படுத்தியபோது, அவருக்கு அது முற்றிலும் புதிய செய்தியல்ல. லித்துவேனியாவிலிருந்து வந்து குடியேறிய ஒரு தொழிலாளியின் குடும்பம் சிதைவதைச் சொல்லும் நாவல் அது. தொழிலாளிக்காக எழுதினார் சின்கிளேயர். வாசகர்களோ தம் தட்டில் கிடந்த இறைச்சியை நினைத்துக் கலங்கினர். மக்களின் நெஞ்சைக் குறிவைத்தேன், தற்செயலாக வயிற்றில் பட்டுவிட்டது என்று அவரே பின்னர் நொந்துகொண்டார். நாலு மாதத்தில் சட்டம் வந்தது. இறைச்சி சுத்தமானது, அதை வெட்டியவனின் கூலி அப்படியே இருந்தது. ஒரு நாவல் ஒரு நாட்டின் சட்டத்தை இவ்வளவு விரைவில் அசைத்த சந்தர்ப்பங்கள் இலக்கிய வரலாற்றில் குறைவு என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இனித் தந்திக்கு வருவோம். பிலிப்பைன்ஸின் தெற்கே சூலு தீவுக்கூட்டமும் மிந்தனாவோவும் முஸ்லிம்கள் வாழும் பிரதேசங்கள். ஸ்பானியர் அவர்களை ‘மோரோ’ என்றனர். போர்த்துக்கேயர் இலங்கைச் சோனகருக்கு இட்ட பெயரும் இதே வேரிலிருந்து வந்ததுதான். ஐபீரியத் தீபகற்பத்தில் தாம் எதிர்த்துப் போரிட்ட முஸ்லிம்களின் பெயரை இருவரும் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்து, கண்ட இடமெல்லாம் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

1899 பெப்ரவரியில் வடக்கே பிலிப்பினோ விடுதலைப் படையுடன் அமெரிக்கா போரில் இறங்கியது. தெற்கிலும் ஒரு போர்முனை திறப்பதை அது விரும்பவில்லை. இஸ்தான்புலில் இருந்த அமெரிக்கத் தூதர் ஒஸ்கார் ஸ்ட்ராவுஸ் சுல்தான் அப்துல் ஹமீதைச் சந்தித்தார். அமெரிக்கா இஸ்லாத்துக்குப் பகையான நாடல்ல என்பதற்குச் சான்றாக, 1796இல் திரிப்போலியுடன் செய்த பழைய உடன்படிக்கையை எடுத்துக் காட்டினார். அப்போது மக்காவில் இருந்த சூலு ஹாஜிகளுக்கு, அமெரிக்கருடன் போரிட வேண்டாம் என்று கலீஃபாவின் செய்தி போனதாக ஸ்ட்ராவுஸ் தமது நினைவுக்குறிப்பில் எழுதுகிறார். அச்செய்தி எவ்வளவு தூரம் பலித்தது என்பதில் ஆய்வாளரிடையே கருத்தொற்றுமை இல்லை. எப்படியோ, 1899 ஆகஸ்ட் 20ஆம் திகதி சுல்தான் ஜமாலுல் கிராமுக்கும் ஜெனரல் பேட்ஸுக்கும் இடையில் உடன்படிக்கை கைச்சாத்தானது. மார்க்கத்தில் தலையிடுவதில்லை, சுல்தானின் உரிமைகளை மதிப்பது என்பன அமெரிக்கா கொடுத்த வாக்குகள்.

வடக்கில் போர் ஓய்ந்ததும் வாக்குக்கும் வேலை இல்லாமல் போனது. 1903இல் மோரோ மாகாண ஆளுநராக வந்தார் ஜெனரல் லெனார்ட் வூட். இவரை வெறும் பட்டாளத்துக்காரர் என்று தள்ளிவிட முடியாது. ஹாவர்டில் படித்த வைத்தியர். கியூபாவின் இராணுவ ஆளுநராக இருந்தபோது, மஞ்சட் காய்ச்சலை நுளம்பு பரப்புகிறது என்று நிறுவிய வோல்டர் ரீடின் குழுவுக்கு ஆதரவளித்தவர், ஹவானாவைச் சுத்தம் செய்வித்தவர். சூலுவிலும் சீர்திருத்தவாதியாகவே வந்திறங்கினார். அடிமை முறையைச் சட்டத்தால் ஒழித்தார், பள்ளிக்கூடம், பாதை என்று பேசினார், தலைவரி விதித்தார். உடன்படிக்கை சீர்திருத்தத்துக்குத் தடையாக இருப்பதாக அவர் அறிவிக்க, 1904 மார்ச்சில் வாஷிங்டன் அதைத் தனது பக்கத்தில் மட்டும் ரத்துச் செய்தது.

இங்கே நாம் நேர்மையாக இருக்க வேண்டும். சூலுவில் அடிமைகள் இருந்தார்கள். தத்துக்கள் எனப்பட்ட பிரபுக்கள் அவர்களை வைத்திருந்தார்கள். அதை மூடி மறைத்து எழுதுவது அந்த அடிமைகளுக்கு நாம் செய்யும் துரோகம். ஆனால் அடிமையை விடுவிக்க வந்தவர், அடிமையும் எஜமானும் சேர்ந்திருந்த ஊரையே தரைமட்டமாக்கும் அதிகாரத்தையும் எங்கிருந்து பெற்றார்?

தலைவரி கட்ட மறுத்த ஊரவர் நூற்றுக்கணக்கில் ஜொலோ தீவிலுள்ள புத் டாஹோ என்ற எரிமலையின் உச்சிக்குக் குடும்பங்களோடு ஏறிப் போய்க் குடியமர்ந்தனர். மாற்று மதத்தவருக்குத் தலைவரி கட்டுவதை அவர்கள் அடிமைச் சின்னமாகக் கருதினர். இறங்கி வரும்படி தத்துக்கள் கேட்டும் அவர்கள் இணங்கவில்லை. 1906 மார்ச் 5 முதல் 8 வரை ஏறத்தாழ 800 படையினர் மலையைச் சூழ்ந்தனர். மலைப் பீரங்கிகளைக் கயிறு கட்டி இழுத்து உச்சிக்கு ஏற்றினர். கடற்படையின் இயந்திரத் துப்பாக்கியும் வந்தது. உள்ளே இருந்தவர்களிடம் சில துப்பாக்கிகளும், ஈட்டிகளும், எமது மலாய் வீடுகளில் நாம் காணும் அதே கிரிஸ் கத்திகளும் இருந்தன. அமெரிக்கத் தரப்பில் இறந்தோர் இருபது பேரளவில். மலையில் இருந்தோரில் 600 பேர் இறந்ததாக முதற் செய்திகள் கூறின. பிந்திய ஆய்வுகள் ஆயிரத்தை நெருங்குகின்றன. பெண்களும் பிள்ளைகளும் அதில் அடக்கம். உயிர் தப்பியோர் ஆறு பேர் என்றே அன்று செய்தி வந்தது.

ரூஸ்வெல்ட்டின் தந்தி இதற்குத்தான். அமெரிக்கக் கொடியின் மானத்தைக் காத்த வீரச் செயல் என்று பாராட்டியிருந்தார். பத்திரிகைகள் கேள்வி எழுப்பியதும் வூட் விளக்கம் அனுப்பினார். பெண்கள் ஆண்களைப் போல உடுத்துப் போரிட்டார்களாம், பிள்ளைகளைக் கேடயமாகப் பிடித்தார்களாம். வாஷிங்டனுக்கு அந்த விளக்கம் போதுமாயிருந்தது. அவ்வாண்டு டிசெம்பரில் ரூஸ்வெல்ட்டுக்கு சமாதானத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. ரஷ்ய - ஜப்பானியப் போரை முடித்து வைத்தமைக்காக.

எதிர்த்தவர்கள் இல்லாமலில்லை. 1898இல் பொஸ்டனில் தோன்றிய ஏகாதிபத்திய எதிர்ப்புச் சங்கத்தில் எழுத்தாளர் மார்க் ட்வைனும் இருந்தார், ஹோம்ஸ்டெட்டின் கார்னெகியும் இருந்தார். அந்த அணியில் சிலர், மாநிறத்தவர் அமெரிக்கக் குடிகளாகிவிடுவார்களே என்ற அருவருப்பினாலேயே எதிர்த்தவர்கள். சிக்காகோவின் ஏழைக் குடியேறிகள் மத்தியில் 1889இல் ‘ஹல் ஹவுஸ்’ நிலையத்தைத் தொடங்கிய ஜேன் அடம்ஸ், பிலிப்பைன்ஸ் போரை மேடையேறிக் கண்டித்தவர். அவரே 1912இல் ரூஸ்வெல்ட்டின் முற்போக்குக் கட்சி மாநாட்டில் அவரது வேட்புமனுவை வழிமொழிந்தார். தொழிலாளருக்கும் பெண்களின் வாக்குரிமைக்கும் அக்கட்சி இடம் தந்தது. ஆண்டுக்கு இரண்டு போர்க்கப்பல் கட்டவேண்டும் என்ற தீர்மானத்தை அதற்காக விழுங்கிக்கொண்டதாக அடம்ஸ் பின்னர் எழுதினார். தென் மாநிலக் கறுப்புப் பிரதிநிதிகளை அம்மாநாடு உள்ளே விடவில்லை என்பதும் அவருக்குத் தெரியும்.

புத் டாஹோவை இரண்டு அலகுகளாகப் பிரிக்காமல் பார்த்த ஒருவர் ஓர் ஆசிரியர். சடலங்கள் நிறைந்த குழியின் விளிம்பில் அமெரிக்கச் சிப்பாய்கள் நிற்கும் நிழற்படம் ஒன்று வெளியே வந்திருந்தது. அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் கற்பித்துக்கொண்டிருந்த கறுப்பின அறிஞர் டு பொய்ஸ் 1907இல் அதைக் கண்டு, ஏகாதிபத்திய எதிர்ப்புச் சங்கத் தலைவர் மூர்ஃபீல்ட் ஸ்டோரிக்குக் கடிதம் எழுதினார். நாடு பிடிக்கும் போர் என்றால் என்னவென்று மாணவர் அறிய, அப்படத்தைச் சட்டமிட்டுத் தமது வகுப்பறைச் சுவரில் மாட்ட விரும்புவதாகச் சொன்னார். அட்லாண்டா நகரில் வெள்ளைக் கும்பல்கள் கறுப்பரை வேட்டையாடியது அதற்கு முந்திய ஆண்டு, 1906 செப்டெம்பரில்தான். 1909இல் கறுப்பரின் உரிமைக்கென அமைக்கப்பட்ட தேசியச் சங்கத்தை நிறுவியவர்களில் டு பொய்ஸும் ஒருவர். அதன் முதல் தலைவரானவர் ஸ்டோரி.

மார்க் ட்வைன், செய்தி வந்த அந்த மார்ச் மாதத்திலேயே புத் டாஹோவைப் பற்றிக் கடும் கசப்போடு சொல்லி எழுதுவித்தார். ஆனால் அச்சுக்குக் கொடுக்கவில்லை. அவர் 1910இல் காலமானார். அப்பகுதி 1924இல்தான் அவரது சுயசரிதை நூலில் வெளிவந்தது. அப்போது மணிலாவில் பிலிப்பைன்ஸ் முழுவதற்கும் ஆளுநர் நாயகமாக இருந்தவர் லெனார்ட் வூட்.