வலிமை யாருக்காக? சித்திரக் கதை வீரர்களுக்கு ஒரு வரிசை

ஒரு கதையின் தரத்தை அறிய மறுவாசிப்பைப்போல் நம்பத்தக்க உரைகல் வேறில்லை. முதன்முறை படிக்குங்கால், அடுத்து யாது நேருமோ என்னும் ஆவலே நம்மைப் பக்கம் பக்கமாக இழுத்துச் செல்கிறது. இரண்டாம் முறை அந்த ஆவலுக்கு இடமில்லை. வீரன் பிழைப்பான், பகைவன் வீழ்வான் என்பது முன்னரே தெரிந்துவிட்டது. அப்படியிருந்தும் ஒரு கதை நம்மை நிறுத்திச் சிந்திக்க வைக்குமாயின், அதனுள் ஆவலுக்கு அப்பாற்பட்ட பொருள் உண்டென்று கொள்ளலாம்.

இவ்வுரைகல்லில் அமெரிக்க நாட்டுச் சித்திரக் கதை வீரர்களை உரசிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். வண்ண உடை அணிந்து வானில் பறப்பவர்களுக்கு இலக்கியப் பக்கத்தில் என்ன வேலை என்று முகஞ்சுளிப்போர் இருப்பர். அவர்களுக்கு நாம் கூறும் விடை ஒன்றே. வலிமை என்பது யாது, வீரம் என்பது யாது என்னும் எண்ணங்களைப் பல தலைமுறைச் சிறுவர் சிறுமியர் இக்கதைகளிலிருந்தும் பெற்றிருக்கின்றனர். பிள்ளைகளின் உள்ளத்தில் புகும் ஒன்றை ஆராயாது தள்ளுவது அறிவுடைமை ஆகாது. ஆராயாது கொள்வதும் அவ்வாறே.

சண்டை எத்தனை பக்கம் நீண்டது, பகைவன் எத்துணைக் கொடியவன் என்று நாம் கணக்கிடப் போவதில்லை. வீரனுக்கு வலிமை கிடைத்தது. அவ்வலிமை யாருக்காகச் செலவாயிற்று? இவ்வினாவைக் கதை எழுப்புகிறதா? எழுப்பினால் நேர்மையாக விடை கூறுகிறதா? இவையே நம் அளவுகோல்.

தாவ மட்டும் அறிந்த வீரன்

1938 ஜூன் தேதியிட்டு வெளிவந்த ‘ஆக்ஷன் காமிக்ஸ்’ முதல் இதழில் சூப்பர்மேன் பிறந்தான். விலை 10 காசு. அவன் கதை 13 பக்கம். அதனை எழுதிய ஜெர்ரி சீகலும் வரைந்த ஜோ ஷூஸ்டரும், குடியேறிய யூதக் குடும்பங்களில் தோன்றி, கிளீவ்லாந்து நகரத்துப் பள்ளியில் நண்பரானவர்கள். பொருளாதாரப் பெருமந்தத்தின் கொடுமையைக் கண்ணாரக் கண்ட இளைஞர்கள்.

இக்கதையை இன்று மீண்டும் படிப்போர் வியப்படைவர். அந்நாளில் அவ்வீரன் பறக்கவும் அறியான். தாவ மட்டுமே வல்லான். வேற்றுலகப் பகைவர் ஒருவரும் அதில் இல்லை. குற்றமற்ற பெண் ஒருத்தி மரண தண்டனைக்கு ஆளாகப் போகிறாள். ஆளுநரின் இல்லத்து இரும்புக் கதவைப் பெயர்த்தெறிந்து அவளைக் காக்கிறான். மனைவியை அடிக்கும் கணவன் ஒருவனைத் தண்டிக்கிறான். வாஷிங்டனில் ஒரு செனட்டரை விலைக்கு வாங்கி நாட்டைப் போரில் இழுத்துவிட முயலும் தரகனைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். அடுத்த இதழில் இதன் தொடர்ச்சி வருகிறது. ஆயுத உற்பத்தி முதலாளியைச் சாதாரணச் சிப்பாயாகப் படையில் சேரச் செய்து, தன் தொழிலின் விளைவை அவனே உணருமாறு செய்கிறான். எதிரெதிர்ப் படைத்தலைவர் இருவரையும் பிடித்துவந்து நேருக்கு நேர் மோதச் சொல்கிறான். தங்களுக்குள் யாதொரு பகையும் இல்லையென்று அவ்விருவரும் விழிக்கின்றனர். அப்படியானால் இத்தனை காலம் யாருடைய இலாபத்திற்காகப் போரிட்டீர்கள் என்பதே கதையின் கேள்வி.

சித்திரம் முதிர்ச்சியற்றது, நடை அவசரமானது. ஆயினும் வலிமை எளியோர் பக்கம் நிற்க வேண்டும் என்னும் தெளிவு முதற் கதையிலேயே இருந்தது. ஆனால் அக்கதைக்கும் வீரனின் முழு உரிமைக்குமாக அவ்விருவர் பெற்ற தொகை 130 டாலர் மட்டுமே. அவன் பெயரால் பெருஞ்செல்வம் குவிந்தபோது, படைத்தவர்கள் வறுமையில் வாடினர். ஷூஸ்டரின் பார்வையும் மங்கிற்று. 1975ஆம் ஆண்டின் இறுதியில்தான், பொதுமக்களின் கண்டனத்திற்குப் பின்னர், ஆண்டுக்கு 20,000 டாலர் உதவித்தொகையும் கதையில் பெயர் பொறிக்கும் உரிமையும் அவர்களுக்குக் கிட்டின. எளியோரைக் காக்கும் வீரனைப் படைத்தோர்க்கு ஓரளவு நியாயம் கிடைக்க 37 ஆண்டுகள் ஆயின!

முத்திரையும் மூச்சுமுட்டலும்

1954ஆம் ஆண்டு இத்தொழிலைப் பெருஞ்சோதனை சூழ்ந்தது. சித்திரக் கதைகள் சிறுவரைக் குற்றவாளிகளாக்குகின்றன என்று மனநோய் மருத்துவர் பிரெடரிக் வெர்தாம் நூலெழுதினார். செனட் துணைக்குழு விசாரணை நடத்தியது. அஞ்சிய பதிப்பாளர்கள் தாமே ஒரு கட்டுப்பாட்டு விதித்தொகுப்பை வகுத்து, அதற்கு இணங்கிய இதழ்களின் அட்டையில் முத்திரை இட்டனர். கொடூரக் காட்சிகளைக் குறைத்தது ஒருபுறம் நன்றெனலாம். ஆனால் காவலரையும் நீதிபதிகளையும் அரசு அதிகாரிகளையும் மதிப்புக் குறையுமாறு காட்டலாகாது என்னும் விதியும் அதனுள் இருந்தது. 1938இல் ஆளுநரின் கதவைப் பெயர்த்த வீரன் அத்தகைய விதியின்கீழ் எங்ஙனம் பிறந்திருப்பான்?

கேள்வி வெளியே போக முடியாதபோது வீரனின் உள்ளத்துள் புகுந்தது. 1962 ஆகஸ்டு தேதியிட்ட ‘அமேசிங் ஃபேன்டஸி’ 15ஆம் இதழில் ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் படைத்த ஸ்பைடர்மேன் கதை 11 பக்கமே. ஏழை மாணவன் பீட்டர் பார்க்கர் வலிமை பெற்றதும் அதனைப் பணத்திற்கும் புகழுக்கும் செலவிடுகிறான். ஓடிவரும் திருடனைத் தடுக்கக்கூடிய இடத்தில் நின்றும், அது தன் வேலையன்று என்று விட்டுவிடுகிறான். அத்திருடனே பின்னர் அவனை வளர்த்த பெரியப்பாவைக் கொன்றான் என்று தெரியும்போது கதை முடிகிறது. வலிமையுடையவன் சும்மா இருப்பதும் ஒரு செயலே, அதற்கும் அவன் பொறுப்பாளியே என்று இதனினும் சுருக்கமாகச் சொல்லிய கதையை நாம் அறியோம்.

அதன் நிறைவை 1966 பிப்ரவரி தேதியிட்ட ‘அமேசிங் ஸ்பைடர்மேன்’ 33ஆம் இதழில் காண்கிறோம். பெரியம்மா சாகக் கிடக்கிறாள். அவளைக் காக்க முன்னொருகால் அவன் கொடுத்த இரத்தமே, கதிரியக்கம் கலந்திருந்தமையால், அவளுக்கு நஞ்சாயிற்று. உயிர்காக்கும் மருந்து எட்டாத் தொலைவில் தரையில் கிடக்கிறது. அவனோ மலைபோன்ற இயந்திரத்தின் அடியில் சிக்கியிருக்கிறான். மேற்கூரை கசிந்து நீர் ஏறுகிறது. பகைவன் அங்கே இல்லை. ஒரு மனிதனும் ஒரு பாரமும் மட்டுமே. பக்கத்துக்குப் பக்கம் கட்டங்களைப் பெரிதாக்கி, அவன் தோள் நிமிர்வதை டிட்கோ வரைந்துள்ள திறம் போற்றத்தக்கது. அவன் எழுவான் என்று தெரிந்தும், ஒவ்வொரு முறையும் நம் மூச்சு ஒரு கணம் நிற்கிறது.

முதியவரின் வினா

1970 ஏப்ரல் தேதியிட்ட ‘கிரீன் லாண்டர்ன்’ 76ஆம் இதழை டென்னி ஓநீல் எழுத, நீல் ஆடம்ஸ் வரைந்தார். தெருவில் தாக்கப்படும் செல்வர் ஒருவரை வீரன் காப்பாற்றுகிறான். மக்களோ அவன்மீது குப்பையை வீசுகின்றனர். காக்கப்பட்டவர், ஏழைகளை வீட்டைவிட்டு வெளியேற்ற முனைந்த வீட்டுச் சொந்தக்காரர் என்பதை அவன் பிறகே அறிகிறான். அங்கே கறுப்பினத்து முதியவர் ஒருவர் அவனை நேரே கேட்கிறார்: வேற்றுலகங்களில் பல நிறத்தோல் படைத்தோர்க்கெல்லாம் நீ உதவினாய் என்று கேள்விப்பட்டோம், இவ்வுலகத்துக் கறுப்புத் தோலினருக்கு நீ செய்தது யாது? வீரன் தலைகுனிகிறான். அவனிடம் விடையில்லை.

இவ்வினாவுக்கு ஈடான வினா இத்துறையில் முன்னும் இல்லை, பின்னும் அரிது. ஆனால் மறுவாசிப்பு ஒரு குறையையும் காட்டுகிறது. வினாவை எழுப்பிய முதியவர் அதன்பின் கதையிலிருந்து மறைந்துபோகிறார். வீரர்கள் இருவர் நீண்ட சொற்பொழிவு ஆற்றுகின்றனர். எஞ்சிய பக்கங்களில் அவ்வீட்டுச் சொந்தக்காரரைச் சிக்கவைக்கும் சூழ்ச்சியே நடைபெறுகிறது. வினா முதல் தரம்; விடை மூன்றாம் தரம்.

செய்தித்தாள் விற்பவர்

1986-87இல் 12 இதழ்களாக வந்த ‘வாட்ச்மென்’ இத்துறையின் முடிமணியென்று பலரும் கருதுவது. ஆலன் மூர் எழுதியது. டேவ் கிப்பன்ஸ் வரைந்தது. அணு ஆயுதப் போரைத் தடுப்பதற்கென்று, வீரர்களுள் மிக்க அறிவாளியாகிய ஒருவன் நியூயார்க் நகரத்தில் இலட்சக்கணக்கானோரைக் கொன்று, அப்பழியைக் கற்பனையான வேற்றுலகப் பகைவர்மேல் சுமத்துகிறான். உலகத்தைக் காக்கும் அதிகாரத்தை இவனுக்கு அளித்தவர் யார்? தன் நோக்கம் நல்லதென்று நம்பும் வலியோன் எத்துணை அஞ்சத்தக்கவன் என்பதை இந்நூல் தயங்காமல் காட்டுகிறது.

முதன்முறை படிப்போர் கண் கொலையின் மர்மத்தையே தேடும். மறுமுறை படிக்குங்காலோ அது தெருமுனையில் செய்தித்தாள் விற்கும் முதியவரையும், அவர் கடையருகே அமர்ந்து காசு கொடாமல் சித்திரக் கதை படிக்கும் கறுப்பினச் சிறுவனையும் நாடுகிறது. இதழுக்கு இதழ் அவர்கள் வீண்பேச்சுப் பேசுகின்றனர், சலித்துக்கொள்கின்றனர். இருவர் பெயரும் ஒன்றே என்பதைக்கூட மிகப் பிந்தியே அறிகின்றனர். பேரழிவு வந்த கணத்தில் முதியவர் சிறுவனை அணைத்துக்கொள்கிறார். அவரிடம் எவ்வித ஆற்றலும் இல்லை. ஆயினும் காக்க முயன்றவர் அவர். ‘உலக நன்மை’ என்னும் பெருங்கணக்கில் அழிக்கப்பட்ட எண்கள் எத்தகைய மனிதர்கள் என்பதை அவ்விருவரால் அறிகிறோம்.

முகம் மறைந்த வீரன்

1944இல் ‘பிளேசிங் காமிக்ஸ்’ இதழில் ‘கிரீன் டர்டில்’ என்னும் வீரன் தோன்றினான். சூ ஹிங் என்னும் சீன அமெரிக்க ஓவியர் படைத்தது. ஐந்து இதழ்களே வாழ்ந்தது. சீன மக்களைப் படையெடுப்பாளரிடமிருந்து காக்கும் அவ்வீரனின் முகம் வாசகர்க்கு முழுமையாகக் காட்டப்படுவதில்லை. முதுகைத் திருப்பிக்கொண்டோ, கையாலோ நிழலாலோ மறைத்துக்கொண்டோ நிற்பான். வீரன் சீனனாக இருப்பதற்குப் பதிப்பாளர் இசையவில்லை; ஆகவே ஓவியர் முகத்தையே மறைத்துவிட்டார் என்று ஒரு செவிவழிச் செய்தி உண்டு. சான்று கிடைத்திலது. ஆனால் அவன் தோலுக்கு இயற்கைக்கு ஒவ்வாத இளஞ்சிவப்பு வண்ணம் பூசப்பட்டதை எவரும் காணலாம்.

அவனுக்கு முகம் கிடைக்க 70 ஆண்டுகள் ஆயின. 2014இல் வெளிவந்த ‘தி ஷாடோ ஹீரோ’ என்னும் நூலை அமெரிக்காவில் வாழும் ஜீன் லூயன் யாங் எழுத, மலேசியாவில் பிறந்து சிங்கப்பூரில் வாழும் சோனி லியூ வரைந்தார். மகனை வீரனாக்கத் துடிக்கும் தாய். மளிகைக் கடையை அன்றி வேறொன்றையும் விரும்பாத மகன். கும்பல்காரருக்கு அஞ்சி வாழும் தந்தை. நகையும் துயரமும் கலந்த இக்கதையில் வலிமை வானிலிருந்து விழவில்லை. குடும்பத்தின் துயரிலிருந்து பிறக்கிறது. 2017இல் மூன்று ஐஸ்னர் பரிசுகளைப் பெற்ற சோனி லியூவின் மற்றொரு நூலில், பழைய சிங்கப்பூரில் மலவாளி சுமக்கும் தொழிலாளி ஒருவனே கரப்பான் பூச்சி கடித்து வீரனாகிறான் என்பதையும் இங்குக் குறித்தல் தகும். வீரனின் ஆசனத்தில் யாரை அமர்த்துகிறோம் என்பதும் வலிமை யாருக்காக என்னும் வினாவின் ஒரு பகுதியே அன்றோ?

ஒரே ஒரு பக்கம்

2008இல் வெளிவந்த ‘ஆல்-ஸ்டார் சூப்பர்மேன்’ 10ஆம் இதழ், கிராண்ட் மாரிசன் எழுதி, ஃபிராங்க் குவைட்லி வரைந்தது. வீரன் இறந்துகொண்டிருக்கிறான், அதனை அவனும் அறிவான். எஞ்சிய நாட்களில் முடிக்க வேண்டிய பெரும்பணிகள் பல. அவற்றினிடையே, உயர்ந்த கட்டடத்தின் விளிம்பில் உயிரை மாய்த்துக்கொள்ள நிற்கும் இளம்பெண் ஒருத்தியின் பின்னே வந்து நிற்கிறான். அவளைப் பற்றித் தூக்கவில்லை, பறக்கவில்லை. அவளுடைய மருத்துவர் அவளைக் கைவிடவில்லை, வரமுடியாமல் தாமதப்பட்டார் என்கிறான். அவளுக்குள் அவள் நினைப்பதைவிட வலிமை மிகுதி என்கிறான். அவள் திரும்பி அவனை அணைத்துக்கொள்கிறாள். அவ்வளவே, ஒரு பக்கம்.

கோள்களைப் பெயர்க்க வல்ல கைகள் அங்கே செய்தது ஓர் அணைப்பு. வலிமையைக் காட்டி வியக்கவைப்பதினும், பிறர்க்கு அவர்தம் வலிமையை உணர்த்துதலே மேல் என்று அப்பக்கம் கூறாமற் கூறுகிறது.

நாம் இடும் வரிசை

ஆகவே நம் தீர்ப்பு இதுவாகும். முதலிடம் 2008இன் அந்த ஒரு பக்கத்திற்கு. இரண்டாமிடம் ‘வாட்ச்மென்’ நூலுக்கு. அறிவில் அதுவே முதன்மையானது, ஆனால் வலிமையின் தீங்கைக் காட்டிய அளவுக்கு நன்மையைக் காட்டவில்லை. மூன்றாமிடம் இரு ஸ்பைடர்மேன் கதைகளுக்கு. நான்காமிடம் ‘தி ஷாடோ ஹீரோ’ நூலுக்கு; வரைந்தவர் நம்மிடையே வாழ்பவர் என்பதற்காக ஓரிடமும் உயர்த்தினோமில்லை. ஐந்தாமிடம் 1938இன் முதற் கதைக்கு. ஆறாமிடம் ‘கிரீன் லாண்டர்ன்’ கதைக்கு. எனினும் வினாவுக்கு மட்டும் தனிப்பரிசு உண்டென்றால் அது அம்முதியவருக்கே உரியது.

அன்பர்கள் இவ்வரிசையை ஒப்ப வேண்டுமென்று நாம் வற்புறுத்தவில்லை. தத்தம் அளவுகோலை எடுத்துத் தாமே அளந்து பார்க்குமாறு வேண்டுகிறோம். வீட்டில் சித்திரக் கதை படிக்கும் பிள்ளை இருக்குமாயின், அப்புத்தகத்தைப் பறித்தெறிய வேண்டா. அருகில் அமர்ந்து உடன் படியுங்கள். முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இவ்வீரன் தன் வலிமையை யாருக்காகச் செலவிட்டான்? அக்கேள்வியைக் கதையிடம் கேட்கப் பழகிய பிள்ளை, நாளை நாட்டில் வலியோர் எனப்படுவாரிடமும் அதனைக் கேட்கத் தயங்காது.