அரிக்கமேட்டுப் பாசிமணி: துறைமுகமும் பட்டறையும்

அரிக்கமேடு என்றதும் நினைவுக்கு வருபவை ரோமானிய மதுச்சாடிகளும் அரிட்டைன் என்னும் இத்தாலிய மட்கலங்களும்தான். 1945இல் அங்கு அகழ்ந்த தொல்லியலாளர் மார்டிமர் வீலருக்குக் காலம் உறுதியாகத் தெரிந்த மேற்கத்தியப் பொருள்கள் தேவைப்பட்டன. அவற்றை அளவுகோலாக வைத்துத்தான் தென்னிந்தியத் தொல்லியலுக்குக் கால அடுக்கு அமைக்க முடியும் என்று அவர் கருதினார். அது நியாயமான நோக்கமே. ஆனால் புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருந்த ஊருக்கு 'இந்தோ-ரோமானிய வணிக நிலையம்' என்ற அடையாளமும் அப்போதே ஒட்டிக்கொண்டது. அதே மேட்டில் கிடைத்த கண்ணாடிக் கழிவை முதல் சான்றாக எடுத்துக்கொண்டால், சரக்கு வந்திறங்கிய துறைமுகம் பின்னுக்குப் போய், சரக்கைச் செய்து அனுப்பிய பட்டறை முன்னுக்கு வருகிறது.

கழிவை ஏன் இவ்வளவு நம்ப வேண்டும்? மணி எங்கிருந்தும் வந்திருக்கலாம். வீணான மணியை யாரும் கப்பலேற்றிக் கொண்டுவர மாட்டார்கள். அரிக்கமேட்டில் கண்ணாடிக் கட்டிகள், நறுக்காத மெல்லிய குழல்கள், சூட்டில் ஒன்றோடொன்று ஒட்டிப்போன மணிகள் என்று தொழிலின் ஒவ்வொரு கட்டத்துக்கும் மிச்சம் கிடைத்திருக்கிறது. மணி ஆய்வாளர் பீட்டர் பிரான்சிஸ் இவற்றைத் திருப்பதிக்கு அருகே பாப்பாநாயுடுபேட்டையில் 20ஆம் நூற்றாண்டிலும் நடந்துவந்த வேலையோடு ஒப்பிட்டார். அங்கே உருகிய கண்ணாடியை 'லாடா' என்னும் இரும்புக் குழாயின் முனையில் கூம்பாகத் திரட்டி, நடுவே துளை நிற்கும்படி மறுபுறத்திலிருந்து நீண்ட குழலாக இழுப்பார்கள். குழலைத் துண்டுகளாக நறுக்கி, துளை அடைபடாதிருக்கச் சாம்பலோடு கலந்து மீண்டும் சூடேற்றினால் விளிம்பு மழுங்கி மணியாகும். இப்படிச் செய்த மணியை உருப்பெருக்கியில் பார்த்தால் காற்றுக் குமிழிகளும் கோடுகளும் துளைக்கு இணையாக நீண்டிருக்கும். கம்பியில் சுற்றிச் செய்த மணியிலோ அவை துளையைச் சுற்றி வளைந்திருக்கும். சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம், கறுப்பு என்று 6 மில்லிமீட்டருக்கும் குறைவான இந்தச் சிறு பாசிகளுக்கு 'இந்தோ-பசிபிக் மணிகள்' என்று பெயரிட்டவரும் பிரான்சிஸே.

இந்தத் தொழிலையே ரோமானியர்தாம் கற்றுத்தந்திருக்கக் கூடாதா என்ற கேள்வி எழும். கண்ணாடியின் வேதியியல் அதற்கு இடம் தரவில்லை. மத்தியதரைக் கடற்கரைக் கண்ணாடியில் அலுமினா குறைவு, சுண்ணாம்பு அதிகம். தென்னிந்திய, இலங்கைச் சோடாக் கண்ணாடியில் அலுமினா மிகுதி, சுண்ணாம்பு குறைவு. இது உள்ளூர் மணலும் உவர்மண்ணும் தந்த கலவை. காலமும் இதற்குத் துணை நிற்கிறது: 1989 முதல் 1992 வரை தொல்லியலாளர் விமலா பெக்லி நடத்திய அகழாய்வு, ரோமானிய வணிகம் சூடுபிடிப்பதற்கு முன்பே அங்கே ஊர் இருந்ததைக் காட்டியது. அதற்காக எல்லாக் கண்ணாடியும் அரிக்கமேட்டிலேயே உருகியது என்று சொல்லிவிடவும் கூடாது. அங்குள்ள மணிகளிலேயே பொட்டாஷ் மிகுந்த வேறொரு வகையும் உண்டு. மூலக் கண்ணாடி உருக்கிய உலைகள் இலங்கையின் கிரிபாவாவில் வெளிப்பட்டுள்ளன. மணலை உருக்கிக் கண்ணாடி ஆக்குவது ஒரு தொழில், அதை மணியாக்குவது இன்னொரு தொழில். நம் கட்டுரைகள் பலவும் இரண்டையும் குழப்பிக்கொள்கின்றன.

இதைவிடக் கடினமான மறுப்பு கிழக்கிலிருந்து வருகிறது. இலங்கையின் மாந்தை, தாய்லாந்தின் கிலோங் தோம், வியட்நாமின் ஓக் இயோ ஆகிய இடங்களிலும் இதே வகை மணிகள் செய்யப்பட்டன; அரிக்கமேட்டுக் கைவினைஞர்கள் குடிபெயர்ந்து இத்தொழிலைப் பரப்பினர் என்றார் பிரான்சிஸ். தமிழ்ப் பெருமைக்கு இனிக்கும் கருத்துதான். ஆனால் தாய்லாந்தின் காவோ சாம் கேவ் பட்டறைகள் கி.மு. 4 முதல் 2ஆம் நூற்றாண்டு வரையிலான காலத்தவை. லோர் டுசுபியூ முதலியோரின் பகுப்பாய்வில் அங்குள்ள கண்ணாடி தனிக் கலவைகளைக் காட்டுகிறது. எனவே ஒரே தாய்ப் பட்டறை என்ற படம் நிற்காது. அதற்காகத் தொடர்பே இல்லை என்றும் ஆகிவிடாது. குழல் இழுப்பது பார்த்துக் கற்றுக்கொள்ளும் வித்தை அல்ல. கை பழகியவர் கூடவே இருந்து சொல்லித்தர வேண்டும். கலவை ஊருக்கு ஊர் மாறியும் செய்முறை மாறாதிருப்பது, ஆட்கள் கடல் கடந்து போய்வந்தார்கள் என்பதற்கே வலுச் சேர்க்கிறது.

பாப்பாநாயுடுபேட்டையை இரண்டாயிரம் ஆண்டு அறாத தொடர்ச்சி என்று காட்டுவதும் மிகையே. பழைய கழிவின் பொருள் விளங்க அது உதவுகிறது, அவ்வளவுதான். கிடைத்துள்ள சான்றுகளைக் கொண்டு உறுதியாகச் சொல்லக்கூடியது இது: அரிக்கமேடு ரோமானியருக்காகப் பிறந்த ஊரல்ல, பாசிமணித் தொழிலின் பெரிய மையங்களில் ஒன்று. பாடநூல் எழுதுவோர் மதுச்சாடியின் படத்துக்குப் பக்கத்தில் அந்த ஒட்டிப்போன மணிகளின் படத்தையும் போட வேண்டும்.