மருந்துக் கூர்க்கன்: ஒரு மலைக்கிழங்கு மாத்திரை ஆன கதை

கொஞ்சம் நீளமான இழை மக்களே. பொறுமையா படிங்க.

இரும்பை, மரக்காணம் பக்கத்து ஆட்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி: "டாக்டர், தொப்பை குறைய, பிரஷர் குறைய கூர்க்கன் கிழங்குன்னு ஒண்ணு இருக்காமே, வீட்ல வைக்கலாமா?"

கிழங்கு இருக்கு. அதுல மருந்துச் சரக்கும் இருக்கு. ஆனா எந்தச் செடின்னு தெரியணும். இந்த வரலாறு முழுக்க அந்த ஒரு கேள்வியைச் சுத்தித்தான் ஓடுது.

துளசி, புதினா, தும்பை, கற்பூரவள்ளி எல்லாம் ஒரே குடும்பம். தண்டை விரலில் உருட்டினால் நாலு மூலை தெரியும். இலை எதிரெதிரா இருக்கும், பூவுக்கு உதடு இருக்கும். இதில் கற்பூரவள்ளியும், தெற்கே பொங்கலுக்கு வாங்குற சிறுகிழங்கும், மருந்துக் கூர்க்கனும் பங்காளிகள். கற்பூரவள்ளி இலையைக் கசக்கினால் ஓம வாசனை தூக்கும். சிறுகிழங்கு உருண்டையா இருக்கும், வேகவெச்சு சாப்பிடலாம். மருந்துக் கூர்க்கனுக்கு நீலம் கலந்த ஊதாப் பூ. மண்ணுக்குள்ளே கேரட் மாதிரி நீண்ட வேர்க்கிழங்கு கொத்தா இருக்கும். இமயமலை அடிவாரத்தில் தொடங்கி நம்ம தெற்கு மலைகள் வரை, காய்ஞ்ச சரிவுகளில் தானா வளர்ற செடி. ஆப்பிரிக்காவிலும் உண்டு.

இதன் அறிவியல் பெயர் 'கோலியஸ் ஃபோர்ஸ்கோலி'. பேர் வந்தது பேர் ஃபோர்ஸ்கால் என்ற தாவரவியலாளரிடமிருந்து. ஃபின்லாந்தில் பிறந்தவர், லின்னேயஸின் மாணவர். டென்மார்க் மன்னர் 1761-ல் அரேபியாவுக்கு அனுப்பிய குழுவில் போனார். (அந்தப் பயணத்துக்கு முதலில் போட்ட திட்டமே நம்ம தரங்கம்பாடி வழியா ஒரு ஆளை அனுப்புறதுதான். அப்போ அது டேனிஷ்காரங்க ஊர்.) ஏமனில் மலேரியா வந்து 1763-ல் இறந்தார். வயசு 31. குழுவில் உயிரோட ஊர் திரும்பியது நீபூர் ஒருத்தர்தான். ஃபோர்ஸ்கால் எழுதி வெச்ச தாவரக் குறிப்புகளை 1775-ல் அச்சாக்கியவரும் அவரே. இன்னைக்குத் தாவரவியலாளர்கள் இந்தச் செடியை 'கோலியஸ் பார்பேட்டஸ்'னு மாத்திட்டாங்க. செடியிலிருந்து ஃபோர்ஸ்கால் பேர் போச்சு, அதன் மருந்துச் சரக்கில் மட்டும் ஒட்டிக்கிட்டு இருக்கு.

அந்தச் சரக்கைப் பிரிச்சது நம்ம நாட்டில்தான். 1970-களில் லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் இந்திய மூலிகைகளை வரிசையா சோதிச்சுக்கிட்டு இருந்தது. இந்த வேரின் சாறு ரத்த அழுத்தத்தைக் குறைக்கிறதைப் பார்த்து, அதிலிருந்து ஒரு பொருளைப் பிரிச்சு 'கோலியோனால்'னு பேர் வெச்சாங்க. அதே சமயம் பம்பாயில் ஹெக்ஸ்ட் கம்பெனி ஆய்வகமும் இதே வேரிலிருந்து ஒண்ணைப் பிரிச்சு 'ஃபோர்ஸ்கோலின்'னு சொன்னது. ரெண்டும் வேற வேறன்னு நினைச்சாங்க. 1985-ல்தான் ரெண்டும் ஒண்ணுன்னு உறுதியாச்சு. நிலைச்சது ஹெக்ஸ்ட் வெச்ச பேர்.

ஹெக்ஸ்ட் ஆட்கள் இன்னொரு நல்ல வேலையும் செஞ்சாங்க. நெருங்கிய சொந்தச் செடிகளை எல்லாம் சோதிச்சுப் பார்த்தாங்க. அவர்கள் பார்த்த வரையில் ஃபோர்ஸ்கோலின் இருந்தது இந்த ஒரே செடியில்தான். தொட்டியில் அழகுக்கு வைக்கிற கலர் இலை கோலியஸை 'இதுவும் அதே இனம்தானே'ன்னு பறிச்சு சாறு குடிக்கிறவங்க இதைக் கவனிங்க.

1981-ல் அமெரிக்காவில் சீமன், பேட்ஜெட், டேலி மூவரும் இது எப்படி வேலை செய்யுதுன்னு கண்டுபிடிச்சாங்க. எளிமையா சொல்றேன். அட்ரினலின் செல்லுக்குள்ளே வராது. வாசலில் உள்ள ஏற்பியில் மணி அடிக்கும். உள்ளே ஒரு நொதி முழிச்சு 'சைக்ளிக் ஏ.எம்.பி' என்ற தூதுவனை உருவாக்கும். (அந்தத் தூதுவனைக் கண்டுபிடிச்ச சதர்லாண்டுக்கு 1971-ல் நோபல்.) ஃபோர்ஸ்கோலின் வாசலில் நிக்கிறதே இல்லை. நேரா உள்ளே போய் நொதியைத் தட்டி எழுப்பும். உலகம் முழுக்க செல் ஆய்வகங்கள் இதை வாங்கி வைக்க இதுதான் காரணம்.

ஆனா மருந்தா ஆகிறது லேசுல நடக்கலை. தண்ணீரில் சரியாக் கரையாது. அதன் வடிவத்தைக் கொஞ்சம் மாத்தி, கரையக்கூடிய 'கோல்ஃபார்சின் டேரோபேட்' ஊசியாக, திடீர் இதயச் செயலிழப்புக்கு ஜப்பான் 1999-ல் அனுமதிச்சது.

தேவை கூடினதும் முதலில் மலையில் தோண்டினாங்க. வேரைத் தோண்டினால் செடியே போச்சு. அப்புறம்தான் வயல் பயிர் ஆச்சு. சேலம் மாவட்டத்தில், ஆத்தூர் பக்கமெல்லாம் கம்பெனி ஒப்பந்தத்தில் போட்டாங்க. விதை தேவையில்லை. நாலு ஜோடி இலையோட நுனித்தண்டை வெட்டி நிழலில் ஒரு மாசம் வேர்விட வெச்சு, பாரில் நடணும். அஞ்சாறு மாசத்தில் கிழங்கு. தண்ணி தேங்கினால் வேர் அழுகும், வாடல் நோயும் நூற்புழுவும் வரும். அதனால இரும்பை மேட்டுச் செம்மண்ணில் முயற்சி பண்ணலாம். மரக்காணம் உப்பளத்தை ஒட்டின மண்ணில் வேண்டாம்.

காய்ஞ்ச கிழங்கு 100 கிராமில் ஃபோர்ஸ்கோலின் பெரும்பாலும் அரை கிராமுக்கும் கீழேதான். மண்ணுக்கு மண் மாறும். வீட்டில் இடிச்ச பொடியில் எவ்வளவு இருக்குன்னு யாராலும் சொல்ல முடியாது.

எடை குறையுமா? 2014-ல் அமெரிக்காவில் டாக்டர் ஓஸ் டிவி நிகழ்ச்சிக்குப் பிறகு கேப்ஸ்யூல் வியாபாரம் பறந்தது. அதுக்கு முன்னாடியே, 2005-ல், ரெண்டு சின்ன ஆய்வுகள் வந்தாச்சு: 30 ஆண்கள், 23 பெண்கள், 12 வாரம். ஆண்களிடம் கொழுப்பு அளவு கொஞ்சம் இறங்கியது. எடை ரெண்டு ஆய்விலும் சொல்லிக்கிற அளவுக்கு இறங்கலை.

பிரஷரைக் குறைக்கும் என்பது உண்மை. பயமும் அங்கேதான். ஏற்கெனவே பிரஷர் மாத்திரை போடுறவங்க இதையும் சேர்த்தால் அழுத்தம் ரொம்ப இறங்கி மயக்கம் வரலாம். ரத்தத் தட்டணுக்கள் ஒட்டுறதையும் இது தடுக்கும். ஸ்டென்ட் வெச்சு க்ளோபிடோக்ரல், வார்ஃபரின் எடுக்கிறவங்களுக்கு ரத்தக்கசிவு ஆபத்து கூடும். ஆபரேஷனுக்குத் தேதி குறிச்சிருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்க.

'மூலிகைதானே'ன்னு மறைக்காதீங்க. அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்கு வரும்போது மாத்திரை அட்டைகளோட அந்த டப்பாவையும் பையில் போட்டு எடுத்துட்டு வாங்க.